பணிநாளும் திருநாளும்

மணிமேகலையின் முதற்காதைக்கு விழாவறை காதை என்று பெயர். புகார் நகரில் 28 நாள் நிகழும் இந்திர விழாவை, யானையின் பிடரில் முரசேற்றி ஊரார்க்கு அறிவிக்கும் செய்தி அதில் கூறப்படுகிறது. முரசறைவோன் வீதிகளை அணிசெய்யச் சொல்கிறான். கோயில்கள்தோறும் செய்ய வேண்டுவன செய்யச் சொல்கிறான். சமயவாதிகள் பட்டிமண்டபத்திற்கு வந்து முறைப்படி வாதிடலாம் என்கிறான். பகைவரிடத்தும் அந்நாள்களில் சினங்கொள்ளாது விலகிச் செல்லுமாறு வேண்டுகிறான். புகார் ஒரு துறைமுகப் பட்டினம். பல மொழி பேசுவோரும் பல சமயத்தாரும் அங்கே கலந்து வாழ்ந்தனர். அத்தகைய ஊரில் விழாத் தொடங்குமுன் பொது அறிவிப்பு ஒன்று வேண்டியிருந்தது என்பதும், சினம் தவிர்த்தல் அவ்வறிவிப்பின் ஒரு கூறாக இருந்தது என்பதும் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

சிங்கப்பூரும் துறைமுகப் பட்டினமே. இங்கே முரசு இல்லை, அரசிதழ் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் மனிதவள அமைச்சு அடுத்த ஆண்டிற்குரிய பொது விடுமுறை நாள்களை அறிவிக்கிறது. அவை 11. புத்தாண்டு நாள், தொழிலாளர் நாள், தேசிய நாள் ஆகிய மூன்றும் எச்சமயத்தையும் சாராதவை. சீனப் புத்தாண்டிற்கு இரண்டு நாள். இசுலாமியர்க்கு நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும், கிறிஸ்தவர்க்குப் புனித வெள்ளியும் கிறிஸ்துமசும், பௌத்தர்க்கு விசாக நாளும், இந்துக்களுக்குத் தீபாவளியும் உரியன. சமயங்களுக்கிடை அமைப்பு 1949இல் தோன்றியது. இன்று அதில் இடம்பெறும் சமயங்கள் பத்து. அவற்றுள் தாவோ சமயத்தார்க்கும் சீக்கியர்க்கும் தமக்கென ஒரு நாளும் அந்த 11இல் இல்லை. பத்துச் சமயங்களையும் 11 நாள்களுக்குள் அடக்குதல் கணக்கினால் முடிவதன்று. ஆதலின் ஒரு நாள் விடுமுறையாவதும் ஆகாமற் போவதும் எவ்வாறு தீர்மானிக்கப்பட்டன என்பது வரலாற்று வினாவாகின்றது. அதற்கு விடை தேடுவார்க்குத் தமிழரின் மூன்று நாள்கள் தக்க சான்றாக அமைகின்றன. தீபாவளி சட்டம் தந்த நாள். தைப்பூசம் சட்டம் தந்து, பின்னர்க் கைவிடப்பட்ட நாள். பொங்கலோ சட்டத்தின் ஏட்டில் ஏறாமலே தமிழர் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட நாள்.

இம்மூன்றும் ஆண்டின் ஒரே பருவத்தில் வருவன. ஐப்பசியில் தீபாவளி, மார்கழியில் கிறிஸ்துமஸ், தை முதல் நாள் பொங்கல், அத்திங்களிலேயே பூசம், அதனையொட்டியே சீனப் புத்தாண்டும். வடநாடுகளில் இவற்றைக் குளிர்கால விழாக்கள் என்பர். சிங்கப்பூரோ நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 137 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இங்கே குளிர்காலம் என்பது வடகிழக்குப் பருவமழையும், ஆர்ச்சர்ட் சாலைக் கடைகளில் பஞ்சினால் செய்து வைத்த பனியுமே. ஆயினும் ஞாயிறு தென்கோடி சென்று திரும்பும் காலத்தை ஒட்டி இந்நகரில் மூன்று விழாக்கள் நிகழ்கின்றன. டிசம்பர் 21, 22 அளவில் சீனர் டோங்ஸி என்னும் நாளைக் கொண்டாடுவர்; குடும்பத்தார் கூடியிருந்து, பாகில் இட்ட அரிசிமா உருண்டைகளை உண்பர். உரோமர் காலத்து நாட்காட்டியில் கிறிஸ்துமஸ் நாளும் அத்திருப்பத்தை ஒட்டியே அமைந்தது. பொங்கல் உத்தராயணத்தின் தொடக்கம் எனக் கொள்ளப்படுவது. வானியல் நிலை நூற்றாண்டுகளாக நகர்ந்து வந்தமையால் இன்று அது மூன்று வாரத்திற்கு மேல் பிந்தி வருகிறது. ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழ ஒத்த அளவினவாக உள்ள ஊரில், பகல் வளரத் தொடங்கும் நாளை மூவகையினர் மூவகையாகக் கொண்டாடுவது வியப்புக்குரியதே. மூதாதையர் ஊரின் கதிரவன் இங்கும் உடன் வந்துவிட்டான் போலும்! அம்மூன்றனுள் பொது விடுமுறை கிறிஸ்துமசுக்கு மட்டுமே உண்டு. டோங்ஸி நாளில் சீனரும் பொங்கல் நாளில் தமிழரும் வேலைக்குச் சென்று திரும்பியே விருந்துண்கின்றனர். இதனைத் தமிழர்க்கு மட்டும் நேர்ந்த குறை எனக் கருதுவோர் டோங்ஸியையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

சிங்கப்பூரில் தமிழர் குடியேற்றம் 1819ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. அவ்வாண்டு ராஃபிள்சுடன் வந்த நாராயண பிள்ளை 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்தார். அச்சாலையிலேயே சிறிது தொலைவில் நிற்கும் ஜாமியா சூலியா பள்ளிவாசல் தமிழ் முஸ்லிம்களால் 1826 அளவில் அமைக்கப்பெற்றது. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையே எழுந்தது. ஓபிர் சாலையின் லூர்து மாதா தேவாலயம் 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்க்கென எழுந்தது. இவற்றை ஈண்டுக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. பணியிடத்தில் பல சமய விழாக்களை மதித்தல் என்பது சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகியோர்க்கு இடையே எழும் சிக்கல் என்றே பலரும் எண்ணுவர். தமிழரைப் பொறுத்தவரை அது தம் வீட்டிற்குள்ளேயே தொடங்கிவிட்ட ஒன்று. துறைமுகத்தில் ஒரே குழுவாக மூட்டை சுமந்தவருள் ஒருவர்க்குத் தீபாவளி, மற்றொருவர்க்கு நோன்புப் பெருநாள், இன்னொருவர்க்குக் கிறிஸ்துமஸ்.

குடியேற்ற ஆட்சியில் விடுமுறைப் பட்டியல் ஆள்வோரின் நாட்காட்டியைத் தழுவியே அமைந்தது. இந்து அறக்கட்டளைகளையும் முஸ்லிம் அறக்கட்டளைகளையும் ஒரே வாரியம் மேற்பார்த்து வந்த காலம் அது. 1929இல் தீபாவளி பொது விடுமுறை நாளாயிற்று. தைப்பூசமும் 1968 வரை பொது விடுமுறை நாளாகவே இருந்தது.

இவ்விரு நாள்களுள் தமிழ் இலக்கியத்தில் தொன்மைச் சான்றுடையது தைப்பூசமே. திருஞானசம்பந்தர் மயிலையில் பாடிய பூம்பாவைத் திருப்பதிகம் அவ்வூரில் திங்கள்தோறும் நிகழ்ந்த விழாக்களை நிரல்படக் கூறுகிறது. ஐப்பசி ஓணமும், கார்த்திகை விளக்கீடும், மார்கழி ஆதிரையும், தைப்பூசமும் அதில் உள. தீபாவளி அதில் இல்லை; தமிழகத்தில் அது பிற்காலத்தே பரவியது என்பர் ஆய்வாளர். ஏழாம் நூற்றாண்டில் மயிலையில் நிகழ்ந்த பூச விழாவிற்கும் இன்று சிங்கப்பூரில் காணும் காவடி விழாவிற்கும் தோற்றத்தில் வேற்றுமை மிகுதி எனினும், நாளின் தொடர்ச்சி மறுக்கவொண்ணாதது.

சிங்கப்பூரில் இவ்விழாவை நிலைபெறச் செய்தவர் நகரத்தார். மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கிகளில் இருந்து வட்டித்தொழில் நடத்திய அவர்கள், டேங்க் ரோட்டில் எழுப்பிய தண்டாயுதபாணி கோயிலுக்கு 1859இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. பூசத்திற்கு முதல் நாள் முருகன் வெள்ளித்தேரில் எழுந்தருளி, கியோங் செய்க் சாலையில் உள்ள லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குச் சென்று, மாலையில் வங்கிகள் நிறைந்த வணிக வட்டாரத்தின் வழியே திரும்புகின்றான். அலுவலகம் விட்டு வருவோர் நடைபாதையில் நின்று தேங்காய் பழத்தட்டு நீட்டுவதை அங்கே காணலாம். மறுநாளுக்குரிய ஊர்வலம் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் புறப்பட்டு டேங்க் ரோட்டில் முடிகிறது. திருமால் கோயிலில் தொடங்கி முருகன் கோயிலில் முடியும் இவ்வழி, மருகன் வீட்டிற்கு மாமன் வீட்டிலிருந்து புறப்படும் வழியாயிற்று.

1968ஆம் ஆண்டு ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு சிங்கப்பூரிலுள்ள தன் படைகளை 1971க்குள் திரும்பப் பெறப்போவதாக அறிவித்தது. நாட்டின் பொருளாதாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அப்படைத்தளங்களைச் சார்ந்திருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தோருள் தமிழரும் மலையாளிகளும் பலர். தளத்தோடு அவர்தம் குடியிருப்பும் பிள்ளைகளின் பள்ளியும் பிணைந்திருந்தன. தொழிற்சாலைகளை வரவழைக்க வேண்டும்; அதற்கு உற்பத்தி பெருக வேண்டும்; ஆதலின் பணிநாள்கள் கூட வேண்டும் என்பது அன்றைய அரசின் முடிவு. அவ்வாண்டிலேயே வேலை நியமனச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விடுமுறை நாள்களும் 11ஆகச் சுருங்கின.

அச்சுருக்கம் நிகழ்ந்த முறையை மனிதவள அமைச்சு 2015இல் வெளியிட்ட விளக்கத்தினின்று அறியலாம். சமயத்தார் ஒவ்வொருவரிடமும் எந்நாளை விட்டுத்தர இயலும் என்று கேட்கப்பட்டது. கிறிஸ்தவர் ஈஸ்டரை ஒட்டிய விடுமுறையையும் கிறிஸ்துமசுக்கு மறுநாளையும் விட்டனர். முஸ்லிம்கள் மீலாது நபி நாளையும் நோன்புப் பெருநாளின் கூடுதல் நாள் ஒன்றையும் விட்டனர். இந்துக்கள் தீபாவளி, தைப்பூசம் ஆகிய இரண்டனுள் ஒன்றைத் தேர வேண்டியிருந்தது. தீபாவளியைத் தேர்ந்தனர்.

இத்தேர்வைப் பிற்காலத்தார் பலவாறு பேசுவர். நடுநின்று நோக்கின் இரு செய்திகள் புலப்படும். முதலாவது, தேர்ந்தவர் தமிழர் மட்டும் அல்லர். குஜராத்தியரும், வடஇந்திய வணிகரும், தெலுங்கரும் இந்துக்கள் என்னும் பெயரில் உடன் எண்ணப்பட்டனர். இவர் அனைவர்க்கும் பொதுவான நாள் தீபாவளியே. தைப்பூசமோ பெரும்பாலும் தமிழர்க்கே உரியது. ஒரே நாள்தான் கிடைக்கும் என்னும் நிலையில் பலர்க்கும் பொதுவானதைக் கொள்வது முறையே. அவ்வகையில் தேர்வைக் குறை கூறற்கில்லை.

இரண்டாவது செய்தி அத்துணை எளிதன்று. விடுமுறை ஒரு விழாவின் பெருமைக்குத் தரும் பரிசு என்று கருதினால் எந்நாளையும் தேரலாம். விழாவைச் செய்து முடிப்பதற்குத் தேவைப்படும் காலம் என்று கருதினால் விடை மாறுகிறது. தீபாவளி இல்லத்து விழா. விடியலில் எண்ணெய் முழுக்கு, புத்தாடை, பெரியோரை வணங்குதல், பலகாரம் பரிமாறுதல் ஆகியவை முடிந்தபின் ஒருவர் வேலைக்குச் செல்வது வருத்தமே ஆயினும் இயலாததன்று. தைப்பூசம் உடலால் ஆற்றும் நேர்த்திக்கடன். நாற்பத்தெட்டு நாள் நோன்பிருப்போர் உண்டு. அலகு குத்திக் காவடி தூக்குவோர்க்கு ஆயத்தத்திற்கே பல மணி நேரம் வேண்டும். பின்னர் நகரின் நடுவே நெடுவழி நடக்க வேண்டும். உடன் நடக்க உற்றாரும் நண்பரும் வேண்டும். விடுமுறை எந்த விழாவிற்கு மிகுதியும் வேண்டுமோ அந்த விழாவே அதனை இழந்தது. கிறிஸ்துமசுக்கு மறுநாளை இழந்தோர்க்குக் கிறிஸ்துமஸ் எஞ்சியது; பூசத்தை இழந்தோர்க்குப் பூசத்தின் மறுநாள் கூட எஞ்சவில்லை. மீலாது நாளை விட்டுத்தந்த முஸ்லிம்களும் இவ்வாறே ஒரு முழுநாளை விட்டனர் என்பதையும் உடன் கூறுதல் நேர்மை. எல்லாரும் விட்டுக்கொடுத்தனர் என்பது உண்மை. எல்லாரும் ஒரே எடையை விட்டுக்கொடுத்தனர் என்பது அன்று.

இக்காலத்தில் பிற நாடுகளும் இத்தகைய சிக்கலில் சிக்குண்டமை நோக்கத்தக்கது. இலங்கையில் 1966இல் ஞாயிறு விடுமுறையை நீக்கி, பௌத்தர்க்குப் புனிதமான போயா நாள்களை வார விடுமுறையாக்கினர். நிலவின் வளர்பிறை தேய்பிறையை ஒட்டி விடுமுறை வாரந்தோறும் வேறு வேறு கிழமையில் வந்தது. உலகமெல்லாம் வணிகம் செய்யும் நாளில் கொழும்பு அடைத்திருந்தது. கொழும்பு திறந்திருந்த நாளில் உலகம் அடைத்திருந்தது. 1971இல் ஞாயிறு மீண்டது. எனினும் முழுமதி நாள்கள் அங்கே இன்றும் விடுமுறையே. தைப்பூசம் முழுமதியை ஒட்டி வருவதாதலின், பௌத்தரின் விடுமுறையிலேயே இலங்கைத் தமிழர் பெரும்பாலும் பூசம் கொண்டாடிவிடுகின்றனர். ஒரு சமயத்தாரின் நாள் மற்றொரு சமயத்தார்க்குப் பயன்படும் இந்த எதிர்பாராப் பேறு சிங்கப்பூர்த் தமிழர்க்கு வாய்க்கவில்லை. மலேசியாவில் பினாங்கு, பேராக், சிலாங்கூர் முதலிய மாநிலங்களில் பூசம் விடுமுறை நாள்; கோலாலம்பூரில் 2008 முதல் விடுமுறை. மொரீசியசில் நாடு முழுவதும் விடுமுறை. தமிழ்நாட்டிலோ பழனியையும் திருச்செந்தூரையும் வைத்துக்கொண்டு, 2021இல்தான் தைப்பூசத்திற்குப் பொது விடுமுறை அறிவித்தனர். தாய்நாட்டில் இல்லாதிருந்த விடுமுறை சிங்கப்பூரில் 1968 வரை இருந்தது என்பது பலர் அறியாத செய்தி.

இனிப் பொங்கலின் வரலாறு. அது வேறு வழியில் வந்தது. திருவாரூரில் பிறந்து 1924இல் சிங்கப்பூர் வந்த கோ. சாரங்கபாணி, தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் தூண்களுள் ஒருவராக விளங்கி, 1935இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கியவர். சாதியாலும் சமயத்தாலும் பிறந்த ஊராலும் பிரிந்து கிடந்த தமிழரை ஒரு குடையின்கீழ்க் கொணர ஒரு நாள் வேண்டும் என்று அவர் கருதினார். தீபாவளியைக் கொண்டாடச் சொன்னால் தமிழ் முஸ்லிமும் தமிழ்க் கிறிஸ்தவரும் வாரார். சீர்திருத்தச் சங்கத்தார் தாமே அதனை ஏற்றிலர். தைப்பூசமும் அத்தன்மையதே. உழவையும் கதிரவனையும் போற்றும் பொங்கலை மட்டும் எச்சமயத்தாரும் ஏற்றல் கூடும். அவ்வாறு 1952இல் தொடங்கியது தமிழர் திருநாள். தமிழர் பிரதிநிதித்துவ சபையின் வழியே பல சங்கங்கள் ஒருங்கிணைந்து பொங்கல் நாளில் அதனை நடத்தின. பேச்சுப் போட்டியும், கட்டுரைப் போட்டியும், விளையாட்டும், நாடகமும் அதில் இடம்பெற்றன. சிங்கப்பூரில் மட்டுமன்றி மலாயாவின் தோட்டங்களிலும் அது பரவியது. தமிழ் முரசின் மாணவர் மணிமன்றத்தில் எழுதப் பழகிய இளைஞர் பலர் அம்மேடைகளிலேயே பேசவும் பழகினர்.

இன்று பணியிடங்களில் பல்வேறு விழாக்களைப் பொதுவில் மதிக்கும் முறை பற்றிப் பலரும் அறிவுரை கூறுகின்றனர். 70 ஆண்டுகட்கு முன்னரே, ஒரு விழாவினின்று சமயப் பிரிவைக் களைந்து, எவரும் தம் நம்பிக்கைக்கு ஊறின்றிக் கலந்துகொள்ளுமாறு அதனை வகுத்தவர் ஓர் இதழாசிரியர் என்பதைத் தமிழ் பயிலும் மாணவர் அறிதல் வேண்டும். அவர் அரசிடம் விடுமுறை வேண்டி நிற்கவில்லை. கூடுதற்கு ஒரு மேடையும், மேடைக்கு ஒரு நாளும் அமைத்தார். அம்மேடை ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்ந்தது. சாரங்கபாணி 1974இல் மறைந்தார். ஆயினும் பொங்கல் சமயப் பொதுமை வாய்ந்தது என்னும் கருத்துச் சிங்கப்பூரில் வேரூன்றிவிட்டது.

அக்கருத்து வேரூன்றுதற்கேற்ற நிலம் தமிழ்ப் பள்ளிகளில் முன்னரே பண்பட்டிருந்தது. உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை 1946இல் நிறுவியவர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கினர். பின்னர் அது நாட்டின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. 1982இல் மூடப்படும் வரை இந்து, கிறிஸ்தவப் பிள்ளைகளும் அங்கே பயின்றனர். சீறாப்புராணம் பாடிய புலவர் பெயரைத் தாங்கிய பள்ளியில் பயின்ற மாணவனுக்கு, சமயம் வேறு மொழி வேறு என்பதைத் தனிப்பாடமாக நடத்த வேண்டியதில்லை. அப்பெயர் இன்று பீட்டி சாலையிலுள்ள தமிழ்மொழி நிலையத்திற்குச் சூட்டப்பட்டுள்ளது.

லிட்டில் இந்தியா என்று இன்று வழங்கும் வட்டாரம் 1989இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பெற்றது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1980களின் நடுவில், சிராங்கூன் சாலையில் தீபாவளி ஒளியூட்டு தொடங்கிவிட்டது. சைனாடவுனும், கேலாங் சராயும், ஆர்ச்சர்ட் சாலையும் ஏறத்தாழ அதே காலத்தில் தத்தம் விழாக்களுக்கு ஒளியூட்டப் பெற்றன. சுற்றுலாவை வளர்க்கும் நோக்கம் அதில் இருந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. கடைக்காரர்களின் மரபுடைமைச் சங்கம் தை பிறக்குமுன்னர்க் கேம்பல் லேனில் கரும்பும், மண்பானையும், மாடும் கொணர்ந்து நிறுத்துகிறது. அவ்விடத்தே 2015இல் இந்திய மரபுடைமை நிலையமும் திறக்கப்பட்டது. அடுக்குமாடி வீட்டில் பிறந்த குழந்தைகள் பசுவை முதன்முதலாகத் தொட்டுப் பார்ப்பது அங்கேதான். கந்தாங் கெர்பாவ் என்று எருமைக் கொட்டிலால் பெயர் பெற்ற வட்டாரத்தில் மாடு இன்று காட்சிப் பொருளாகியது காலத்தின் விளையாட்டு எனலாம்.

விளக்குகள் சாலையில் எரிகின்றன. பணியிடத்தில் நிகழ்வது என்ன? அதனை அறிய வேலை நியமனச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். அச்சட்டத்தின் கீழ் வரும் ஊழியர் அனைவர்க்கும் 11 நாளும் ஊதியத்துடன் கூடிய விடுமுறை. பொது விடுமுறையன்று வேலை வாங்கினால் கூடுதலாக ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் தருதல் வேண்டும். இவை பலரும் அறிந்தவை. பலர் அறியாத ஒரு விதியும் அதில் உண்டு. முதலாளியும் தொழிலாளியும் உடன்பட்டால், ஒரு பொது விடுமுறைக்கு மாற்றாக வேறொரு நாளை விடுமுறையாகக் கொள்ளலாம். கிறிஸ்துமசன்று வேலை பார்த்துத் தைப்பூசத்தன்று வீட்டிலிருக்க ஒருவர் விரும்பின், முதலாளியும் இசைந்தால், சட்டம் குறுக்கே நில்லாது. 1968இல் நாடு செய்ய இயலாமற்போனதை ஒரு தொழிற்கூடம் தனக்குள்ளே செய்துகொள்ளலாம். ஆனால் ‘உடன்பட்டால்’ என்னும் ஒரு சொல்லில் எல்லாம் தங்கியுள்ளது. கேட்பவன் வேலைக்குப் புதியவனாயின் கேட்கவே தயங்குவான்.

எஞ்சுவது ஆண்டு விடுப்பு. சட்டப்படி முதலாண்டு ஊழியர்க்குரிய குறைந்த அளவு ஏழு நாள். பின்னர் ஆண்டிற்கு ஒரு நாள் கூடி 14 வரை உயரும். பொங்கலுக்கு ஒன்றும் பூசத்திற்கு ஒன்றும் எடுத்தால் ஏழில் இரண்டு ஜனவரி, பிப்ரவரித் திங்கள்களிலேயே போய்விடும். காவடி எடுப்போர் மறுநாளும் ஓய்வு கொள்ள விரும்பின் மூன்று. பிள்ளையின் காய்ச்சலுக்கும் ஊரிலிருந்து வரும் இறப்புச் செய்திக்கும் நான்கு நாள் மீதம். விழாவின் மதிப்பைப் பேசுவோர் இக்கணக்கையும் போட்டுப் பார்த்தல் நன்று.

ஆயினும் பூசம் மங்கிவிடவில்லை. விடுமுறை இல்லாத விழா இரவிற்குள் புகுந்து இடம் தேடிக்கொண்டது. நள்ளிரவையொட்டிப் பால்குடங்கள் புறப்படுகின்றன. வேலைக்குச் செல்ல வேண்டியோர் விடியுமுன்னரே டேங்க் ரோட்டை அடைந்து, பாலை முருகனுக்குச் செலுத்தி, நீறணிந்த நெற்றியுடன் பணியிடம் செல்கின்றனர். காவடிகள் காலை முதல் செல்கின்றன. மாலையில் வேலை முடிந்து வருவோர் இரவு வரை அவற்றின் உடன் நடக்கின்றனர். சீனர் சிலரும் காவடி எடுப்பது இவ்வூர்ப் பூசத்தில் காணும் காட்சி. ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1973இல் தடை வந்தது. 2016இல் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு இசைவு கிடைத்தது. நாதசுரமும் தவிலும் இன்றி வாய்ப்பாட்டாலே காவடியை நடத்திச் சென்ற தலைமுறை ஒன்று இடையில் கடந்துவிட்டது.

சட்டம் ஒருபுறமிருக்க, பணியிடங்களில் எழுதப்படாத முறை ஒன்றும் நெடுங்காலமாக நிலவுகிறது. மருத்துவமனைத் தாதியரும், பேருந்து ஓட்டுநரும், துறைமுகத் தொழிலாளரும் எந்நாளிலும் வேலையை நிறுத்த இயலாதவர். சீனப் புத்தாண்டின் இரு நாளிலும் தமிழரும் மலாய்க்காரரும் முறைவேலையை ஏற்றுக்கொள்வர். நோன்புப் பெருநாளன்று மற்றவர் ஏற்பர். தீபாவளியன்று அக்கடன் திரும்பி வரும். இக்கைம்மாற்றுக்கு ஏடு இல்லை, மறந்தவரும் அரியர். தைப்பூசத்திற்கும் பொங்கலுக்கும் இதே முறை உதவுகிறது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. தீபாவளி நாளைக் காட்டும் சிவப்பெழுத்து எல்லா நாட்காட்டியிலும் இருத்தலின் உடன் பணிபுரிவோர் அதனைத் தாமே அறிவர். பூச நாளைத் தமிழரே சென்று சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் மாறும் அந்நாளை, அதன் பொருளை, ஏன் அன்று வேலைக்கு வர இயலாது என்பதை எடுத்துரைக்க வேண்டும். விடுமுறை நாளாயின் அரசு செய்யும் விளக்கத்தை விடுமுறை அல்லாத நாளுக்குத் தொழிலாளி தன் வாயால் செய்கிறான். நாணமுடையோர் உடல்நலமில்லை என்று சொல்லிவிட்டுக் காவடி எடுக்கச் செல்வதும் உண்டு. அது பொய் எனக் கடிவார், அப்பொய்க்கு இடந்தந்த நிலையையும் நோக்குதல் வேண்டும்.

விருந்திலும் இவ்வரலாறு உண்டு. ஆண்டிறுதி விருந்தில் முஸ்லிம்களுக்கு ஹலால் உணவும் சைவர்க்குப் புலாலற்ற உணவும் தனித்தனியே வைப்பது இன்று இயல்பாகிவிட்டது.

தமிழ்நாட்டிலிருந்து கட்டுமானப் பணிக்கு வந்துள்ளோர் நிலை இன்னும் நெருக்கமானது. ஊரில் பொங்கல் நான்கு நாள் விழா. இங்கே அது வேலைநாள். தங்கும் விடுதிகளில் அடுத்த ஞாயிறன்று பானை ஏறும். தை முதல் நாள் கதிரவனுக்குப் படைக்க வேண்டியதை அவ்வாரத்து ஞாயிறன்று படைப்பதில் தவறில்லை. ஞாயிறும் கதிரவன் பெயரே அன்றோ? இல்லப் பணிப்பெண்களோ வேலை நியமனச் சட்டத்தின் வரம்பிற்கே புறம்பானவர். தீபாவளி விடுமுறையும் அவர்க்கு முதலாளியின் மனத்தைப் பொறுத்ததே.

தைப்பூச விடுமுறையை மீட்டுத்தர வேண்டும் என்னும் கோரிக்கை 2015இல் வலுப்பெற்றது. பலர் கையொப்பமிட்ட விண்ணப்பமும் எழுந்தது. அமைச்சு அளித்த விடையின் சாரம் இது: ஒரு சமயத்தாரின் நாளைத் திரும்பத் தந்தால் பிற சமயத்தாரும் தத்தம் நாளைக் கேட்பர், எல்லாச் சமூகத்தாருடனும் மீண்டும் பேச வேண்டி வரும். இவ்விடையில் வன்மை உண்டு. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடியிருப்போருள் இந்துக்கள் நூற்றுக்கு ஐவர். தாவோ சமயத்தார் நூற்றுக்கு ஒன்பதின்மர் அளவினர். ஐவர்க்கு இரண்டு நாள் தந்து ஒன்பதின்மர்க்கு ஒன்றும் தராதிருத்தல் எங்ஙனம் முறையாகும் என்று கேட்டால் விடையிறுத்தல் அரிது. கோரியவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. அவர்கள் புதிதாக ஒன்றைக் கேட்கவில்லை. முன்பு இருந்ததையே கேட்டனர். 1968இல் விட்டுக்கொடுத்தது நாட்டின் நெருக்கடிக்காக. நெருக்கடி தீர்ந்து நாடு செழித்தபின் விட்டதைக் கேட்பது பேராசை ஆகாது. ஆயின் அன்று விட்டுக்கொடுத்த முஸ்லிம்களும் கிறிஸ்தவரும் கேளாதிருக்கும்போது ஒரு சாரார் மட்டும் பெறுதல் எவ்வாறு என்னும் வினா எஞ்சவே செய்கிறது. ஒருங்கே விட்டவர்கள் ஒருங்கே கேட்டாலன்றி இம்முடிச்சு அவிழ்வதற்கில்லை.

வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வேலைக்கு எடுப்பதிலும், பதவி உயர்விலும், நீக்கத்திலும் இனம், சமயம் முதலியன பற்றி வேற்றுமை காட்டலாகாது என்பது அதன் நோக்கம். அது நாட்காட்டியில் ஒரு நாளையும் கூட்டவில்லை. பூசத்திற்கு விடுப்புக் கேட்டமைக்காக ஒருவனுடைய உயர்வு தடைப்படலாகாது என்னும் அளவில் அதன் பயன் அமையக்கூடும்.

2025இல் தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. 2026இல் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. அலுவலகப் பணியாளர் பலர்க்கும் அவ்வாண்டு விடுப்பு விண்ணப்பம் எழுதும் தேவை இல்லை. மருத்துவமனைகளிலும் பேருந்துகளிலும் பணியாற்றுவோர்க்கு ஞாயிறும் பணிநாளே.